பார்க்காத காருக்கு முற்பணம் அனுப்பலாமா?

கேள்வி: பொகவந்தலாவைப் பக்கம் தோட்டப் பாடசாலையொன்றில் கற்பிக்கிறேன். அம்மாவை மாதா மாதம் டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலைக்குக் கிளினிக் கூட்டிப் போக முச்சக்கர வண்டிக்குக் கொடுத்தே மாளவில்லை. கட்டாரில் இருக்கும் தம்பி பணம் தருவதாகச் சொன்னதால் இணையத்தில் சிறிய கார் தேடினேன். 2015 ஆம் ஆண்டு ஆல்டோ ஒன்று, மற்றவர்கள் கேட்பதைவிடப் பத்து லட்சம் குறைவாகக் கிடைக்கிறது. உரிமையாளர் அடுத்த வாரம் கனடா போகிறாராம். கார் கொழும்பில் இருக்கிறதாம். வாகனப் புத்தகத்தையும் அடையாள அட்டையையும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார்; இத்துடன் இணைத்திருக்கிறேன். இன்னும் மூன்று பேர் கேட்கிறார்களாம். 75,000 ரூபாய் முற்பணத்தை அவர் மனைவியின் கணக்கில் போட்டால் எனக்காக நிறுத்தி வைப்பதாகச் சொல்கிறார். தமிழர்தான், மிகவும் மரியாதையாகப் பேசுகிறார். அனுப்பலாமா?

பதில்: அன்புள்ள டீச்சருக்கு,

அனுப்பாதீர்கள். 75,000 வேண்டாம், பெட்ரோல் அடிக்க ஐயாயிரம் போடுங்கள் என்று இறங்கி வந்தாலும் கொடுக்காதீர்கள்.

இதற்குள் பணம் போட்டுவிட்டிருந்தால் மீதியைப் பிறகு படியுங்கள். முதலில் உங்கள் வங்கியை அழைத்து, பணம் போன கணக்கு இலக்கத்தைச் சொல்லி, இது மோசடி, மறிக்க முடியுமா என்று கேளுங்கள். இதில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். அடுத்து பொலிஸில் முறைப்பாடு எழுதி அதன் இலக்கத்தை வாங்குங்கள். இணைய மோசடிகள் பற்றிய ஆலோசனைக்கு இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101 என்ற இலக்கம் இருக்கிறது. வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாமல், விளம்பரத்தையும் படம் பிடித்து வையுங்கள். காசு கைக்குப் போனதும் முதலில் காணாமல் போவது அந்த விளம்பரம்தான்.

நீங்கள் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். புத்தகத்தின் படம் மங்கல். அதிலிருந்து ஒன்றும் சொல்ல முடியாது. அடையாள அட்டை தெளிவாக இருக்கிறது, அதுவே அந்த ஆளைக் காட்டிக்கொடுத்துவிட்டது. நமது பழைய அடையாள அட்டை இலக்கத்தில் முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டைக் குறிக்கும். அடுத்த மூன்று எண்கள், அந்த ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தவர் என்பதைச் சொல்லும். பெண்ணாக இருந்தால் அந்த நாளோடு 500 கூட்டியிருப்பார்கள். உங்களுக்கு வந்த அட்டையில் அந்த மூன்று எண்கள் 612. ஐந்நூறைக் கழித்தால் 112. பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்று வைத்து எண்ணிக்கொண்டு வந்தால் அது ஏப்ரல் 21. ஆக, ஏப்ரல் 21 இல் பிறந்த ஒரு பெண்ணின் இலக்கம் அது. அட்டையில் இருப்பதோ ஓர் ஆணின் பெயரும் முகமும். பிறந்த திகதி செப்டெம்பர் மாதம். யாரோ ஒரு பெண்ணின் அட்டையை எடுத்து, இலக்கத்தை மாத்திரம் மாற்றாமல் விட்டிருக்கிறார்கள். உங்கள் அட்டையை எடுத்து நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 எண்கள் கொண்ட புதிய அட்டையில் முதல் நான்கும் ஆண்டு, அடுத்த மூன்றுக்கு இதே விதிதான்.

கணக்குச் சரியாக வந்துவிட்டால் ஆள் உண்மையானவர் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. முன்பு ஏமாந்த ஒருவர் நம்பி அனுப்பிய அசல் அட்டையை வைத்தே அடுத்தவரை ஏமாற்றுவார்கள். அதனால்தான் கேட்கிறேன்: உங்கள் அட்டையின் படத்தை அவருக்கு அனுப்பினீர்களா? அனுப்பியிருந்தால் பொலிஸ் முறைப்பாட்டில் அதையும் எழுதுங்கள். அனுப்பவில்லை என்றால் இனி எவருக்கும் அனுப்பாதீர்கள்.

விலைக்கு வருகிறேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. சொந்தப் பாவனைக்கான கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் ஓடிப் பழகிய கார்களுக்கு இருந்த கிராக்கி உங்களுக்கும் தெரியும். இறக்குமதி தொடங்கிய பிறகும் புதிய வாகனத்தின் வரி நம்மைப் போன்றவர்களால் எட்ட முடியாத உயரத்தில்தான் இருக்கிறது. இந்த நிலையில் நல்ல ஆல்டோ வைத்திருப்பவர் அவசரமாக வெளிநாடு போகிறார் என்றால், ஏதாவதொரு கார் விற்பனை நிலையத்தில் கொண்டுபோய் நிறுத்துவார். சந்தை விலையில் கொஞ்சம் குறைத்து அன்றைக்கே எடுத்துக்கொள்ள ஆள் இருக்கும். முகம் தெரியாத ஓர் ஆசிரியைக்காகப் பத்து லட்சத்தை விட்டுக்கொடுக்க அவருக்கு என்ன தேவை?

மலையகத்தவர்கள் இதில் அதிகம் மாட்டுவதற்கு ஒரு காரணத்தைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். பொகவந்தலாவையிலிருந்து கொழும்புக்குப் போய் ஒரு காரைப் பார்த்துவிட்டு வர முழு நாள் வேண்டும். பாடசாலைக்கு லீவு, பஸ் செலவு, கூட வரும் மெக்கானிக்குக்கு ஒரு நாள் கூலி. போய்ச் சேர்வதற்குள் கார் விற்றுப்போயிருந்தால் எல்லாம் வீண். அந்தப் பயத்தில்தான் ‘முற்பணத்தைப் போட்டு வைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை போகலாம்’ என்று நினைக்கிறோம். ஏமாற்றுகிறவர்களுக்கு இந்தத் தூரம்தான் முதலீடு. ஹட்டனிலிருந்து அழைத்தால் கார் கொழும்பில் இருக்கும், கொழும்பிலிருந்து அழைத்தால் அதே கார் பண்டாரவளையில் இருக்கும். ஆகவே என் முதல் யோசனை, தேடலைச் சுருக்குங்கள். ஹட்டன், நாவலப்பிட்டி, கம்பளை, நுவரெலியா என்று காலையில் போய் மாலையில் திரும்பக்கூடிய இடங்களில் நிற்கும் வாகனங்களை மட்டும் பாருங்கள். தெரிவு குறையும், அது பரவாயில்லை.

இனி ஒரு வாகனத்தைத் தேர்ந்தெடுத்தால் என்ன செய்வது என்று சொல்கிறேன். இதற்கெல்லாம் அடிப்படை ஒன்றுதான்: விற்பவர் தரும் படத்தையோ தொலைபேசி இலக்கத்தையோ இணைய இணைப்பையோ வைத்து எதையும் சரிபார்க்காதீர்கள். நீங்களாகத் தேடிக்கண்ட வழியில் சரிபாருங்கள்.

தொலைபேசியில் பேசும்போதே வாகன இலக்கத்தைக் கேளுங்கள். இலக்கத்தைச் சொல்லத் தயங்குகிறவரோடு மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. இலக்கம் கிடைத்தால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் போட்டுப் பாருங்கள். வாகனத்தின் மாடல், தயாரித்த ஆண்டு, எஞ்சின் இலக்கம், முழு உரிமையாளர் யார் என்ற விவரங்கள் வரும். பதிவுபெற்ற உரிமையாளரின் பெயரை உறுதிப்படுத்த, நாரஹேன்பிட்டி அலுவலகத்தில் கட்டணம் செலுத்திப் பதிவேட்டின் விவரப் பிரதியைப் பெறலாம். கொழும்பில் உள்ள உறவினர் யாரையாவது அனுப்பி இதை எடுத்துவிடுங்கள். லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கும் பொருளுக்கு இந்தச் செலவு ஒரு செலவே இல்லை.

முழு உரிமையாளர் என்ற கட்டத்தில் ஒரு லீசிங் நிறுவனத்தின் பெயர் இருந்தால், கடன் தீரும்வரை வாகனம் அந்த நிறுவனத்துக்கே சொந்தம். ‘கடைசித் தவணை மட்டும்தான் பாக்கி, கட்டிவிட்டுக் கடிதம் தருகிறேன்’ என்று விற்பவர் சொல்வார். அப்படியானால் அவருடன் நீங்களும் அந்த நிறுவனத்தின் கிளைக்குப் போங்கள். பாக்கி எவ்வளவு என்பதை அங்கே கேளுங்கள். அந்தத் தொகையை நிறுவனத்தின் கணக்கிலேயே கட்டி ரசீது வாங்குங்கள். விற்பவர் கையில் கொடுத்தால் அது வேறு வழியில் போய்விடும், பிறகு ஒரு நாள் காலையில் லீசிங்காரர்கள் வந்து உங்கள் வாசலில் நிற்கும் காரை எடுத்துக்கொண்டு போவார்கள்.

லீசிங் இல்லாமல் தனியாரிடம் அடகு வைத்திருப்பதும் உண்டு. புத்தகம் வட்டிக்குக் கொடுத்தவரின் பெட்டியில் இருக்கும். இவர் தொலைந்துவிட்டதாகச் சொல்லி இரண்டாம் பிரதி எடுத்து வைத்திருப்பார். கையில் இருப்பது இரண்டாம் பிரதி என்று தெரிந்தால், ஏன் எடுத்தார், எப்போது எடுத்தார், தொலைந்ததற்குப் பொலிஸ் முறைப்பாடு இருக்கிறதா என்று துருவிக் கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

இதைவிடக் கொடுமையானது வாடகைக் கார் விவகாரம். ஒருவர் மாத வாடகைக்குக் கார் எடுப்பார். அந்த இலக்கத்துக்குப் போலிப் புத்தகம் ஒன்றைத் தயாரித்து, உரிமையாளர் தாமே என்று விற்றுவிடுவார். கார் உண்மையானது, செசி இலக்கமும் சரியாகவே இருக்கும். உண்மையான உரிமையாளர் முறைப்பாடு செய்து பொலிஸ் வாகனத்தைக் கண்டுபிடிக்கும்போது, நீங்கள் எவ்வளவு நேர்மையாக வாங்கியிருந்தாலும் கார் உங்களுக்கு மிஞ்சாது. பணத்துக்கு அந்த ஆளைத் தேடித்தான் வழக்காட வேண்டும். இதற்கு மருந்து, நான் மேலே சொன்ன விவரப் பிரதியும், விற்பவரின் வீட்டுக்குப் போவதும்தான். பெட்ரோல் நிலையத்திலோ சுப்பர் மார்க்கெட் வாகனத் தரிப்பிடத்திலோ சந்திக்கலாம் என்றால் மறுத்துவிடுங்கள். பதிவில் உள்ள முகவரிக்குப் போங்கள். அக்கம்பக்கத்தில் ஒருவரிடம், ‘இந்தக் கார் இவருடையதுதானே, எவ்வளவு நாளாக வைத்திருக்கிறார்?’ என்று கேளுங்கள். நம் ஊர்களில் அதை யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

இப்போது, இத்தனை சோதனைகளிலும் தேறிவிடக்கூடிய ஒரு மோசடியைச் சொல்கிறேன். படித்தவர்களும் இதில் விழுந்ததைக் கண்டிருக்கிறேன், ஆகவே கவனமாக வாசியுங்கள். கம்பளையில் ஒருவர் தம் காரை 30 லட்சத்துக்கு விளம்பரம் செய்கிறார் என்று வையுங்கள். மோசடிக்காரர் அதே படங்களை எடுத்து 24 லட்சம் என்று இன்னொரு விளம்பரம் போடுகிறார். நீங்கள் அழைக்கிறீர்கள். ‘கார் என் மச்சானின் வீட்டில் நிற்கிறது, போய்ப் பாருங்கள். அவருக்கும் எனக்கும் கொடுக்கல் வாங்கலில் சின்னப் பிரச்சினை இருக்கிறது, விலையைப் பற்றி மட்டும் அவரிடம் வாய் திறக்காதீர்கள்’ என்கிறார். கம்பளைக்காரரை அழைத்து, ‘என் தங்கை பார்க்க வருவார், அவருக்கு நான் பரிசாக வாங்கிக் கொடுக்கிறேன், விலையை அவரிடம் சொல்லிவிடாதீர்கள்’ என்கிறார். நீங்கள் போகிறீர்கள். வீடு உண்மை, கார் உண்மை, புத்தகம் உண்மை, மனிதரும் நல்ல மனிதர். தேநீர் கொடுத்து உபசரிக்கிறார். எல்லாம் திருப்தி. மோசடிக்காரர் சொன்ன கணக்கில் பணத்தைப் போட்டுவிட்டு, ‘சாவியைத் தாருங்கள்’ என்று கேட்கிறீர்கள். ‘பணம் வரவில்லையே அம்மா’ என்கிறார் அவர். அதற்குப் பிறகு நீங்கள் அவரைச் சந்தேகிக்க வேண்டும், அவர் உங்களைச் சந்தேகிக்க வேண்டும். பணத்தை எடுத்தவரின் தொலைபேசி அணைந்திருக்கும்.

இதை உடைக்க இரண்டு கேள்விகள் போதும். காரின் அருகில் நிற்பவரின் முகத்தைப் பார்த்து, ‘அண்ணே, நீங்கள் என்ன விலைக்குக் கொடுக்கிறீர்கள்? பணத்தை யாருடைய கணக்கில் போட வேண்டும்?’ என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்க வேண்டாம் என்று எவர் சொல்லியிருந்தாலும் கேளுங்கள். பதிவேட்டில் எந்தப் பெயர் இருக்கிறதோ அந்தப் பெயரிலுள்ள கணக்குக்குத்தான் பணம் போக வேண்டும். மனைவியின் கணக்கு, கணக்காளரின் கணக்கு, நண்பரின் கணக்கு எதுவும் ஆகாது. கூலிக்குத் தங்கள் கணக்கைக் கொடுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள், அந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டு போனால் ஒன்றும் தெரியாத ஒருவரிடம்தான் போய் நிற்போம்.

நேரில் பார்க்கும்போது மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப்போங்கள், ஆனால் விற்பவர் காட்டும் மெக்கானிக்கை வேண்டாம். செசி இலக்கம் எங்கே பொறித்திருக்கிறது என்று அவர் காட்டுவார். எழுத்துகள் ஒரே அளவில், ஒரே இடைவெளியில், ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும். சுற்றிலும் உராய்ந்த தடமோ புதுப் பெயின்டோ வெல்டிங் கோடோ தெரிந்தால் அந்த இடத்திலேயே திரும்பிவிடுங்கள். இரண்டு வாகனங்களை வெட்டி ஒட்டி, ஒன்றின் இலக்கத்தில் ஓட்டும் வேலை நம் நாட்டில் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலுக்குப் பிறகு, நமது பகுதியில் விற்பனைக்கு வரும் எந்தக் காரிலும் ஆசனப் பட்டியை நான் முழுவதுமாக இழுத்துப் பார்க்கிறேன். நீங்களும் பாருங்கள். வெள்ளத்தில் மூழ்கிய காரைக் கழுவி, ஆசன உறை மாற்றி, வாசனைத் திரவியம் அடித்து விற்கலாம். பட்டி சுருண்டு உள்ளே போகும் அந்தக் கடைசி ஒன்றரை அடியைக் கழுவ எவருக்கும் நினைவு வராது. அங்கே காவி நிறக் கோடோ, நகத்தால் சுரண்டினால் உதிரும் மண்ணோ இருந்தால் தண்ணீர் எதுவரை ஏறியது என்று தெரிந்துவிடும். ஆசனத்தின் அடியில் உள்ள ஆணிகளின் துருவும் அதைச் சொல்லும். அப்படிப்பட்ட காரின் மின்சார வேலைகள் இன்று இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் கைவிடும், அதுவும் அம்மாவை ஏற்றிக்கொண்டு போகும் வழியில்.

ஓட்டிப் பார்ப்பது மேட்டில் இருக்கட்டும். முதலில் பொனட்டைத் தொட்டுப் பாருங்கள். நீங்கள் வரும் முன்பே சூடாக்கி வைத்திருந்தால் குளிரில் ஸ்டார்ட் ஆவதில் சிரமம் இருக்கலாம் என்று சந்தேகியுங்கள். ஏற்றத்தில் மூன்றாம் கியரில் முடுக்கும்போது எஞ்சின் மட்டும் கத்திக்கொண்டு வேகம் கூடாவிட்டால் கிளட்ச் போய்விட்டது. தட்டையான வீதியில் இது தெரியாது. மீட்டரில் குறைந்த ஓட்டம் காட்டி, பிரேக் மிதியின் இரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் மீட்டரை நம்ப வேண்டாம்.

எழுத்து வேலையில் ஒரு விஷயத்தில் மட்டும் எவருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். ‘ஓப்பன் பேப்பர்’ என்று சொல்லி, பழைய உரிமையாளர் கையெழுத்திட்ட வெற்றுப் படிவத்தைக் கொடுப்பார்கள். வாங்குபவரின் பெயர் எழுதாமல் மூன்று நான்கு கை மாறிய வாகனங்கள் நம் பகுதியில் நிறைய ஓடுகின்றன. கையெழுத்திட்டவர் இறந்துவிட்டாலோ, இது என் கையெழுத்து இல்லை என்று சொன்னாலோ, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய கார் உங்கள் பெயருக்கு வராது. உரிமை மாற்றத்துக்கு எம்.ரீ.ஏ. 6, விற்பவர் அறிவிப்பதற்கு எம்.ரீ.ஏ. 8 என்று படிவங்கள் இருக்கின்றன. பதிவுபெற்ற உரிமையாளர் உங்கள் கண் முன்னால் கையெழுத்திட வேண்டும், அவரது அடையாள அட்டையின் அசலை நீங்கள் பார்க்க வேண்டும், 14 நாளுக்குள் மாற்றத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். தரகர் ‘பிறகு செய்துகொள்ளலாம் டீச்சர்’ என்பார். பிறகு அவர் கிடைக்க மாட்டார்.

பணம் கொடுக்கும் நாளில் விற்பவரும் நீங்களும் அவருடைய வங்கிக் கிளைக்கே போய், அங்கிருந்து அவர் கணக்குக்கு மாற்றுங்கள். புத்தகம், படிவங்கள், சாவி எல்லாம் அந்த மேசையிலேயே கை மாறட்டும். தம்பியிடமும் பேசிவிடுங்கள். அவர் கட்டாரிலிருந்து நேரடியாக விற்பவருக்கு அனுப்பக் கூடாது. உங்கள் கணக்குக்கே அனுப்ப வேண்டும். இந்த ஆளிடம் தம்பியின் இலக்கம் இருந்தால், நீங்கள் தயங்குவதைக் கண்டு அவரை அழைப்பார். ‘அக்கா சம்மதித்துவிட்டார், நீங்கள் போட்டால் சரி’ என்பார். தூரத்தில் இருப்பவருக்கு வீட்டுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற தவிப்பு அதிகம். இன்றைக்கே அவருக்குச் சொல்லிவிடுங்கள்.

அந்த ஆளுக்கு நீங்கள் விளக்கம் எதுவும் சொல்லத் தேவையில்லை. அட்டையில் கண்டுபிடித்ததையும் சொல்லாதீர்கள், அடுத்த முறை திருத்திக்கொள்வார். விளம்பரத்தை அந்தத் தளத்தில் முறையிட்டு, இலக்கத்தைத் தடுத்துவிடுங்கள். மேலே சொன்ன ஊர்களில் வேறு கார் கிடைத்தால் வாகன இலக்கத்தையும் விவரப் பிரதியின் படத்தையும் எனக்கு அனுப்புங்கள். முற்பணம் பேசும் முன்பே பார்த்துப் பதில் எழுதுகிறேன்.